காட்டைக் காக்க மரத்தை வெட்டுவது ஏன்? முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் கதை

நீலகிரியில் வனத்துறையே ஆட்களை வைத்து, வாட்டில் எனப்படும் சீகை மரங்களை வெட்டுகிறது, கன்றுகளை வேரோடு பிடுங்குகிறது. நீதிமன்றம் அதை விரைவாகச் செய்யச் சொல்கிறது; அரசு அதற்குப் பணமும் ஒதுக்குகிறது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்கள் குழம்பிப்போகிறார்கள். ஒரு பக்கம் மரம் நடுங்கள் என்கிறார்கள், இன்னொரு பக்கம் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே மரத்தை வெட்டுகிறார்கள், எது சரி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நீலகிரியின் உச்சிப் பகுதியில் இயற்கையாக இருந்தது பெரும்பாலும் புல்வெளி. இன்று அங்கே நிற்கும் சீகையும் கற்பூர மரமும் பைனும் மனிதர்கள் கொண்டுவந்து வைத்தவை. அந்தப் புல்வெளியை நம்பி வாழும் உயிர்களைக் காப்பதற்காகவே முக்கூர்த்தி தேசியப் பூங்கா உருவானது. புல் போனால் பூங்காவுக்கு வேலையே இல்லை. இது ஏன் என்று புரிய, அந்த மலையின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பூங்கா எங்கே இருக்கிறது?

நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில், குந்தா மலைத்தொடரை ஒட்டி, 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது முக்கூர்த்தி. ஊட்டியிலிருந்து பார்த்தால் மேற்கே. பூங்காவின் கிழக்குப் பக்கம் அலை அலையான மேட்டுநிலம். மேற்குப் பக்கம் மலை சட்டென்று முடிந்து, செங்குத்துப் பாறையாகக் கேரளத்துக்குள் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் கீழே தென்மேற்கில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா.

முக்கூர்த்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரம். அதைவிட உயரமானது கொல்லரிபெட்டா, சுமார் 2,630 மீட்டர். தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து வந்து நேராக மோதும் சுவர் இது. பூங்காவை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அது. மழைக்காலத்தில் இப்படி நனையும் இதே இடத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பகலில் நல்ல வெயில். இந்த உறைபனி ஒரு முக்கியமான விஷயம். பின்னால் அதற்கே வருகிறோம்.

சோலையும் புல்வெளியும்

இந்த உயரத்தில் காடு என்பது தொடர்ச்சியான ஒரே போர்வையாக இருப்பதில்லை. மலை மடிப்புகளில், நீரோடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த, பசுமை மாறாத மரக்கூட்டம் இருக்கும். இதுதான் சோலை. நாவல் வகைகள், காட்டு இலவங்கம், மலைச் செண்பகம் எல்லாம் அதில் உண்டு. கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும் தொற்றியிருக்கும். சோலையைச் சுற்றி, மலை முதுகிலும் சரிவிலும் புல்வெளி பரந்து கிடக்கும். சோலை முடியும் இடம் கோடு போட்டதுபோலத் தெரியும்; மரம் மெல்லமெல்லக் குறைந்து புல்லாக மாறுவதில்லை. புல்வெளிக்குள் தனித்து நிற்கத் துணியும் சில மரங்களில் முக்கியமானது காட்டுப்பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்று இமயமலையில் சொல்கிறார்களே, அதன் தெற்கத்தி உறவு, செக்கச்செவேலென்று பூக்கும்.

ஏன் இப்படி? நெடுநாளாக ஒரு கருத்து நிலவியது: முன்பு எல்லாமே சோலையாக இருந்திருக்கும், மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மாடு மேய்த்தும் புல்வெளியாக்கிவிட்டார்கள் என்று. இந்தக் கருத்து தவறு என்பதற்கு நீலகிரியின் சதுப்புகளே சாட்சி.

மேட்டுநிலத்தின் பள்ளங்களில் செடிகொடிகள் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சேற்றுப் படிவுகள் உள்ளன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவை வெவ்வேறு முறையில் பயன்படுத்துகின்றன. அதனால் அவை விட்டுச்செல்லும் கார்பனில் ஐசோடோப்பு அளவும், அதாவது எடை மாறிய கார்பன் அணுக்களின் விகிதமும், வேறுபடும். படிவை ஆழமாகத் தோண்டி, அடுக்கின் வயதையும் அந்த அளவையும் கண்டுபிடித்தால், எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று சொல்லலாம். 1993-இல் வெளியான இத்தகைய ஆய்வு ஒன்று, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, நீலகிரியில் புல்வெளி பரந்திருந்ததைக் காட்டியது. பருவமழை வலுத்தபோது சோலை விரிந்திருக்கிறது, உலர்ந்த, குளிர்ந்த காலகட்டங்களில் புல் விரிந்திருக்கிறது. வேளாண்மையோ கால்நடை வளர்ப்போ அந்த மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது.

சரி, மழை இவ்வளவு பெய்யும் இடத்தில் இன்றும் சோலை ஏன் புல்லை விழுங்கிவிடவில்லை? இங்கேதான் உறைபனி வருகிறது. திறந்த புல்வெளியில் இரவு வெப்பம் வேகமாக வெளியேறிவிடும். சோலைக்குள் மரக்கிளைக் கூரை வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், முதல் குளிர்காலத்தின் உறைபனியில் கன்று கருகிவிடுகிறது. 2020-இல் வெளிவந்த ஒரு களஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது: சோலை மரக் கன்றுகள் புல்வெளியில் பெரும்பாலும் பிழைக்கவில்லை, சீகைக் கன்றுகளோ பிழைத்துக்கொண்டன. சீகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். உறைபனியைத் தாங்கும் பழக்கம் அதற்குப் பிறந்த மண்ணிலேயே உண்டு. தீ, காற்று, மண்ணின் ஆழம் எல்லாமே புல்வெளியின் எல்லையைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கின்றன. ஆனாலும் நீலகிரியின் காவலர்களில் முதலில் சொல்ல வேண்டியது உறைபனிதான். அந்தக் காவலைத் தாண்டத் தெரிந்த மரத்தைத்தான் கொண்டுவந்து நட்டார்கள்.

தரிசு என்று எழுதியவர்கள்

முக்கூர்த்திப் புல்வெளி யாருமற்ற நிலமாக ஒருபோதும் இருந்ததில்லை. அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். மழைக்குத் தகுந்தபடி எருமைகளை ஒரு மந்திலிருந்து (தோடர் குடியிருப்பு) இன்னொரு மந்துக்கு ஓட்டிச்செல்வார்கள். இறந்தவர்களின் உயிர் மேற்கே உள்ள மறுவுலகுக்குப் போகிறது என்பது தோடர் நம்பிக்கை. மேற்கு விளிம்பில் நிற்கும் முக்கூர்த்திச் சிகரத்துக்கு அந்த நம்பிக்கையில் இடம் உண்டு. தோடர்களின் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய்வது நீலகிரிச் சதுப்புகளில் வளரும் ஒரு தனிப் புல்லால். எரியோகிரைசிஸ் ரங்காசாரி என்று தாவரவியலாளர்கள் பெயரிட்டிருக்கும் அந்தப் புல் உலகில் வேறெங்கும் இல்லை. சதுப்பில் மரம் நட்டால் அந்தப் புல் போகும், அப்புறம் கூரை வேயும் சடங்கும் தடுமாறும். புல்வெளி அழிவதைச் சூழலியல் கணக்கில் மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டி ஓய்வு நகரமானது. ஐரோப்பியக் கண்ணுக்குக் காடு என்றால் மரம், விளைநிலம் என்றால் உழவு. இரண்டும் இல்லாத புல்வெளி ஆவணங்களில் தரிசு என்று ஏறியது. வளர்ந்த நகரத்துக்குக் குளிர்காய விறகு வேண்டும். சோலைகளை வெட்டினார்கள், சோலை மரம் மெதுவாக வளர்வது, வெட்டிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதற்கு மாற்றாகத்தான் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நீலகிரியில் 1843-இல் நடப்பட்டது. சீகையும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. வேலிக்காகவும் அழகுக்காகவும் ஐரோப்பாவிலிருந்து கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதரும், ஸ்காட்ச் புரூம் என்ற புதரும் வந்துசேர்ந்தன. இன்று அந்த இரண்டும் புல்வெளியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வெள்ளைக்காரர் காலத்தோடு இது முடிந்திருந்தால் சேதம் குறைவாக இருந்திருக்கும். பெரிய அளவில் நடவு நடந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஐந்தாண்டுத் திட்டங்களின்போது வனத்துறையே புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் வரிசை வரிசையாக நட்டது. சீகைப் பட்டையிலிருந்து தோல் பதனிடும் துவர்ப்புப் பொருள் கிடைக்கும். மரம் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போகும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சமாகும் என்று உண்மையிலேயே நம்பிச் செய்தார்கள். 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டின் முதல் வேலை ஆலைக்கு மரம் தருவது அல்ல, சூழலைக் காப்பது என்று திசையை மாற்றியது. நடவு நின்றது. பரவல் நிற்கவில்லை.

இதற்கிடையில் அணைகளும் வந்தன. பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு நீர் சேர்க்க முக்கூர்த்தி அணை 1938-இல் எழுந்தது. பின்னர் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் அதைச் சேர்ந்தவை. பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின, சாலையும் குடியிருப்பும் உள்ளே போயின. ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற காரணத்தால் மேற்கு விளிம்பில் தேயிலை ஏறாமல் தப்பித்ததையும் சொல்லவேண்டும்.

வேட்டைக் களம் பூங்கா ஆனது எப்படி?

நீலகிரியில் வனவிலங்குப் பாதுகாப்பு வேட்டைக்காரர்களிடமிருந்து தொடங்கியது. சுடுவதற்கு விலங்கு தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1877-இல் ஒரு வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம், பருவம், எதைச் சுடலாம் எதைச் சுடக்கூடாது என்ற வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. ஓடைகளில் தூண்டில் போட டிரவுட் மீனை வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்ததும் இந்த வேட்டைக் கலாசாரத்தின் தொடர்ச்சிதான். அவலாஞ்சியில் அதற்கென்றே 1907-இல் பொரிப்பகம் வைத்தார்கள்.

அந்தச் சங்கத்தின் வழிவந்தவர்களில் ஒருவர் ஈ.ஆர்.சி. டேவிதார். வழக்கறிஞர், வனவிலங்கு ஆர்வலர். நீலகிரியின் வரையாடுகளை மலை மலையாக ஏறி எண்ணி, முறையான ஆய்வாக எழுதிய முன்னோடி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை முடிவுக்கு வந்தது. 1982-இல் முக்கூர்த்தி வரையாட்டுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1990-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

இந்த இரண்டு சொல்லுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. சரணாலயத்தில் சில உரிமைகளையும், அனுமதியோடு மேய்ச்சலையும் விட்டுவைக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கிடையாது. தனியார் உரிமைகள் தீர்க்கப்பட்ட பிறகே இறுதி அறிவிப்பு வரும். விலங்குகளுக்கு இது கூடுதல் காப்பு. ஆனால் காலங்காலமாக மேய்ந்தும் அளவோடு தீயிட்டும் அந்தப் புல்லைப் பராமரித்த மக்களின் கை அங்கிருந்து விலகியது என்பதும் அதன் விளைவே. இன்று புல்வெளி மீட்பில் தோடர்களின் அறிவைத் துறையும் ஆய்வாளர்களும் தேடிப் போவது தாமதம் என்றாலும் சரியான காரியம்.

1986-இல் அமைந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்திலும், 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத்தொடர்ச்சி மலையின் 39 இடங்களிலும் முக்கூர்த்தி அடங்கும்.

வரையாடு

தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பெயரில் ஆடு இருந்தாலும் மரபணு வேறு கதை சொல்கிறது. 2005 வரை இதை இமயமலைத் தார், அரேபியத் தார் என்ற மலையாடுகளோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, மூன்றும் நெருங்கிய உறவே இல்லை, நம் வரையாடு செம்மறி இனத்துக்கே பக்கம் என்று காட்டியது. நீலகிரிடிராகஸ் என்று அதற்குத் தனிப் பேரினமே உண்டாயிற்று. அந்தப் பேரினத்தில் இருப்பது இது ஒன்றுதான். தென்னிந்தியாவில் உள்ள ஒரே மலையாட்டு வகையும் இதுவே. மற்ற மலையாட்டு வகைகளைப் பார்க்க இமயமலைக்குத்தான் போகவேண்டும். இது அழிந்தால் ஒரு பரிணாமக் கிளை முழுவதும் போகும்.

வளர்ந்த கிடா கருத்த பழுப்பு நிறம். முதுகில் வெள்ளி நிறத் திட்டு, சேணம் போட்டதுபோல. எடை 100 கிலோவை நெருங்கும். பெட்டை சாம்பல் நிறம், ஏறத்தாழ அதில் பாதி எடை. கொம்பு இரு பாலுக்கும் உண்டு. பின்னோக்கி வளையும்.

இதன் வாழ்க்கை இரண்டு தேவைகளின் மீது நிற்கிறது. ஒன்று, மேய்வதற்குத் திறந்த புல்வெளி. மற்றது, ஓடித் தப்பிக்கச் செங்குத்துப் பாறை. சிறுத்தையும் செந்நாயும் புலியும் இதைத் தின்னும். அவற்றுக்கு எதிராக வரையாட்டிடம் இருப்பது கண்ணும் காலும்தான். கூட்டம் மேயும்போது ஒரு பெட்டை உயரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்து தெரிந்தால் சீழ்க்கை போன்ற எச்சரிக்கை ஒலி, அடுத்த நொடி கூட்டம் பாறை முகப்பில். வேறெந்த விலங்கும் கால்வைக்கத் தயங்கும் பாறை அது. இந்த ஏற்பாடு நடக்கவேண்டுமானால் தூரத்திலிருந்தே எதிரி கண்ணில் படவேண்டும். இடையில் ஒரு புதர்வரிசை வளர்ந்தால் போதும், ஏற்பாடு கெட்டுவிடும்.

பருவமழைக் காலம் இணைசேரும் காலம். சுமார் ஆறு மாதம் கழித்து, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி பிறக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் அந்த மாதங்களையொட்டிப் பார்வையாளர்களுக்கு மூடுவது இதனால்தான். இரவிகுளத்தில்தான் வரையாடு எண்ணிக்கை மிக அதிகம். அங்கே ராஜமலையில் சுற்றுலாப் பயணிகள் அருகிலிருந்து பார்க்க முடிகிறதே, முக்கூர்த்தியில் ஏன் விடுவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. இரவிகுளத்தில் ஒரு சிறு ஓரத்தை மட்டும் ஒதுக்கி, பல தலைமுறை விலங்குகள் மனிதருக்குப் பழகிய பிறகு நடக்கும் ஏற்பாடு அது. முக்கூர்த்தி விலங்குகள் அப்படிப் பழகியவை அல்ல. அங்கே பொதுச் சுற்றுலா இல்லாதது எனக்குச் சரியாகவே படுகிறது.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத்தொடர்ச்சி மலையை இரண்டாக வெட்டுகிறது. பெரும்பான்மை வரையாடுகள் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, அகத்தியமலைப் பக்கங்களில் இருக்கின்றன. வடக்கே உள்ள முக்கியக் கூட்டம் நீலகிரிக் கூட்டம். இரண்டும் நெடுங்காலமாகப் பிரிந்து கிடப்பதால் மரபணுவிலும் வேறுபட்டிருக்கின்றன. ஆகவே தெற்கே எண்ணிக்கை கூடினாலும் முக்கூர்த்தியின் இழப்பை அது ஈடுசெய்யாது.

மற்ற உயிர்கள்

இதே கணவாய் பறவைகளையும் பிரித்திருக்கிறது. சோலைத் தரையில் தத்தும் சிறு நீலப் பறவை ஒன்று உண்டு. வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். 2017-இல் நடந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு இந்தப் பறவைகளுக்கு ஷோலிகோலா என்று தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. சோலை என்ற நம் சொல் அப்படி உலக அறிவியலுக்குள் போயிற்று. நீலகிரியின் சிரிப்பான் குருவியும் அதே ஆய்வில் புதுப் பேரினத்துக்கு மாறியது. ஒவ்வொரு மலையுச்சியும் இந்தப் பறவைகளுக்குத் தனித் தீவு. கீழே உள்ள வெப்பமான சமவெளியை அவை கடப்பதில்லை.

புல்லுக்கே உரிய பறவை நீலகிரி நெட்டைக்காலி. புல்லில் கூடு கட்டி, புல்லில் பூச்சி பிடித்து வாழ்வது. சோலைக்குள் கருமந்தி, நீலகிரி மார்ட்டன் இருக்கின்றன. கடமான் புல்லுக்கும் சோலைக்கும் நடுவே போய்வரும். யானை பருவத்துக்கு வந்துபோகும். புலியும் இந்தக் குளிர் உச்சியில் நடமாடுகிறது. லாடக் குறி கொண்ட மலை விரியன் கல்லிடுக்கில் வெயில் காயும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தப் புல்வெளிச் செடிதான், சோலைச் செடி அல்ல.

சீகை செய்யும் வேலை

இனி முதல் கேள்விக்கு வரலாம். ஒரு சீகை மரம் நின்றால் என்ன கெட்டுவிடும்?

1. நிழல். நீலகிரிப் புற்களில் பல முழு வெயில் வேண்டுபவை. சீகைக் கன்று பத்தாண்டுக்குள் தலைக்குமேல் வளர்ந்து கிளை சேர்த்துவிடும். கீழே புல் வெளிறி மடிந்துபோகும்.

2. மண். சீகை அவரைக் குடும்பத்து மரம். காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணில் சேர்க்கும். தோட்டத்தில் இது நன்மை. ஆனால் சத்துக் குறைந்த மண்ணுக்கென்றே பழகிய மலைப்புல்லுக்கு இது பாதகம்; வேறு களைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

3. விதை. ஒரு மரம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கடினத் தோல் கொண்ட அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீ பட்டால் தோல் வெடித்து மொத்தமாக முளைக்கும். அதனால் முன்பு புல்லைப் புதுப்பித்த அதே தீ, சீகை பரவிய இடத்தில் சீகைக்கே உதவுகிறது.

4. தண்ணீர். நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊட்டி மையம் பல ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தியது. அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். சோதித்தது கற்பூர மரத்தை. சீகைக்கு இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகமாக வளரும் பசுமை மாறா மரம் ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சி இலை வழியாக வெளியேற்றும் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது.

5. மறைவு. மரக்கூட்டம் வந்தால் வரையாட்டின் பார்வை மறைகிறது. அது அந்தப் பகுதியைத் தவிர்க்கும். ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவிலுள்ள புல் சீகையால் அடைபட்டால், கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் சிறுசிறு தீவாகச் சிக்கிக்கொள்ளும். சிறு கூட்டத்தில் உள்ளுறவு இனப்பெருக்கமும் நோயும் பெரிய ஆபத்து.

நான்காவது விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் மலையைப் பார்த்தே இராதவர்களையும் அது தொடுகிறது. இந்த உச்சியிலிருந்து வடக்கே இறங்கும் பைக்காரா ஆறு கீழே மாயாறாகிறது. மேல்பவானிப் பக்கம் பிறக்கும் பவானி ஆறு கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றி மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வெவ்வேறு திசையில் கிளம்பிய இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. அங்கிருந்து கீழ்பவானிப் பாசனம் மட்டும் 2.07 லட்சம் ஏக்கர். வழியில் நீர்மின் நிலையங்கள், குடிநீர்த் திட்டங்கள். மழை முடிந்த ஜனவரி முதல் மே வரை ஆற்றில் கசிந்துவரும் நீர், மேலே புல்லின் வேரும் சதுப்பும் பிடித்துவைத்து விடுவது. ஈரோட்டு விவசாயியின் கோடைத் தண்ணீருக்கு முக்கூர்த்திப் புல்லோடு நேரடித் தொடர்பு உண்டு.

எவ்வளவு இழந்தோம் என்பதற்குப் பக்கத்து மலையில் ஓர் அளவு கிடைக்கிறது. பழனி மலையில் நாற்பதாண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட 2018 ஆய்வு, மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்றது. அந்த நிலை வராமல் இன்னும் பெரிய அளவில் தொடர்ச்சியான புல் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் முக்கூர்த்தி ஒன்று.

வெட்டினால் மட்டும் தீருமா?

தீராது. அவசரமாக வெட்டினால் நிலைமை கெடவும் கூடும். சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை இதில் உத்தரவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டும் என்ற குரலும் எழுகிறது. களத்தில் வேலை செய்பவர்கள் சொல்லும் வரிசை வேறு:

1. முதலில் நல்ல புல்வெளிக்குள் தனித்தனியாக நுழைந்திருக்கும் கன்றுகள். கையால் பிடுங்கலாம், செலவு குறைவு, பலன் உடனடி. ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் அதே இடத்துக்கு ரம்பம் தேவைப்படும்.

2. அடுத்து, அடர்ந்த தோட்டத்தின் விளிம்பு. பரவலின் முன்னணி அதுதான். விளிம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகவேண்டும்.

3. பழைய, அடர்ந்த தோட்டத்தின் நடுப்பகுதி கடைசி. சில இடங்களில் வயதான சீகையின் நிழலில், உறைபனியிலிருந்து தப்பி, சோலை மரக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே கனரக இயந்திரத்தை ஏற்றினால் அவையும் நசுங்கும். செங்குத்துச் சரிவில் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் வெட்டினால் அடுத்த மழையில் மண் வரும்.

4. வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். மண்ணில் கிடக்கும் விதை வெளிச்சம் கண்டதும் பாய் விரித்ததுபோல முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்காவிட்டால் முன்பைவிட அடர்த்தியான சீகைக்காடு, அல்லது அதைவிடக் கொடிய கோர்ஸ், புரூம் புதர்.

5. புல் தானாக வராத இடத்தில் நாட்டுப்புல்லைப் பதியம்போட்டு நாற்றங்காலில் வளர்த்து நடவேண்டும். கிரைசோபோகான், யூலாலியா, அருண்டினெல்லா போன்ற வகைகள் தூர் தூராகப் பிரித்து நடப்படுகின்றன. மரம் நடுவதைவிட இதில் வேலை அதிகம்.

ஒப்பந்தக்காரர் வந்து மரத்தை எடுத்துப் போனதோடு திட்டம் முடிந்ததாகக் கணக்கு எழுதும் வழக்கம்தான் இதில் பெரிய அபாயம். முதலாண்டு வெட்டுக்கு நிதி கிடைத்துவிடுகிறது, ஐந்தாம் ஆண்டு களையெடுப்புக்கும் கிடைக்க வேண்டும்.

கணக்கெடுப்பு எண்களை எப்படிப் படிப்பது?

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுக்கான நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். திட்டத்தின்கீழ் 2024-இல் நடந்த கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 1,031 என்றது. 2025-இல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழ்நாட்டுக்கு 1,303. இரு மாநிலமும் சேர்த்து 2,600-க்கு மேல்.

ஓராண்டில் 272 கூடியது என்றால் அத்தனையும் புதிதாகப் பிறந்தது என்று பொருளில்லை. மூடுபனி விலகிய நாள் எத்தனை, புதிதாகச் சேர்த்த மலைப்பகுதி எவ்வளவு, எண்ணுபவர்களின் அனுபவம் என்ன என்பதைப் பொறுத்தும் எண் மாறும். வரையாட்டை எண்ண ஒரே பகுதியை இரு குழுக்கள் தனித்தனியாக எண்ணி ஒப்பிடும் முறையையும் கையாள்கிறார்கள். ஒரு குழு கண்டதை மற்றது எவ்வளவு தவறவிட்டது என்பதிலிருந்து, இரு குழுவின் கண்ணிலும் படாதவற்றை மதிப்பிடலாம். இரண்டு மாநிலமும் ஒரே நாளில் எண்ணுவது மிக நல்ல மாற்றம். மாநில எல்லை மலைமுகட்டில் போகிறது, ஆடு அதைத் தினமும் தாண்டுகிறது. தனித்தனி நாளில் எண்ணினால் ஒரே கூட்டம் இரண்டு முறை கணக்கில் ஏறலாம், இல்லையென்றால் இரண்டிலும் விட்டுப்போகலாம்.

முக்கூர்த்திக்கு மொத்த எண்ணைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. பெட்டைகளுக்கு எத்தனை குட்டி பிழைக்கிறது? கூட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா? சில ஆடுகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்வது இரண்டாவது கேள்விக்காகத்தான்.

வனப்பரப்புக் கணக்கில் உள்ள சிக்கல்

இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கிளை மறைப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம் என்று கேட்பதில்லை. இந்த வரையறையின்படி 20,000 ஆண்டுப் புல்வெளி வனப்பரப்பில் சேராது; அதன்மேல் ஏறி நிற்கும் சீகைத்தோட்டம் சேரும். சீகை பரவினால் நீலகிரி மாவட்டத்தின் வனப்பரப்பு கூடியதாகவும், அதை அகற்றிப் புல்லை மீட்டால் குறைந்ததாகவும் தாளில் தெரியும்.

இதன் விளைவு வெறும் தாளோடு நிற்பதில்லை. காடு வளர்ப்பு நிதி, கார்பன் கணக்கு, வெட்டிய காட்டுக்கு ஈடாக மரம் நடும் திட்டம் எல்லாமே காலி நிலத்தைத் தேடி வரைபடத்தைப் புரட்டுகின்றன. அங்கே புல்வெளி இன்னும் சீர்கெட்ட நிலம், புதர் நிலம் என்ற பெயர்களில்தான் கிடக்கிறது. மலைப்புல்வெளிக்கு வன அறிக்கையிலும் வருவாய்ப் பதிவிலும் தனி வகைப்பாடு வேண்டும் என்று சூழலியலாளர்கள் கேட்பது இதற்காகவே. அது வரும்வரை, நீலகிரியின் வனப்பரப்பு இத்தனை சதுர கிலோமீட்டர் குறைந்தது என்று அடுத்த அறிக்கையை வைத்துச் செய்தி வந்தால், குறைந்தது சோலையா சீகையா என்று முதலில் கேட்கவேண்டும்.